என் ஊர் மேல் அவள் போட்ட மேகம்

கொச்சி மட்டாஞ்சேரியில் காகிதம் வீங்கும். ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். உப்பு தண்ணீராகிவிடும், அப்பளம் எண்ணெயைப் பார்க்கும் முன்பே துவண்டுவிடும், தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்து விழும் என்பதையெல்லாம் வந்த புதிதில் அம்மாவிடம் சொல்லிச் சலித்திருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவளுக்குத் தீப்பெட்டி நமத்துப்போவது எத்தனை பெரிய அவமானம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். காகிதம் வீங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது என் பிழைப்பில் கை வைத்தது.

எறணாகுளத்தில் வானிலையைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் ஒரு சிறிய ஆய்வுக்குழுவில் எனக்குத் தற்காலிக வேலை. எண்பதுகள் இப்போதுதான் பிறந்திருக்கின்றன. வானத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், ஈரம், காற்று என்று எண்களைக் கொடுத்து, இனி என்ன ஆகும் என்று கணினியைக் கேட்கிற வேலை அது. சிக்கல் என்னவென்றால் எங்கள் கட்டம் பெரிது, மேகம் சிறிது. வெயில் ஏறிய பிறகு தலைக்கு மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி தாழ்வாக நிற்குமே, அந்தச் சின்ன மேகங்கள் ஒரு கட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்க்கக் கணினிக்குக் கண் கிடையாது. ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு மேகம் இருக்கும் என்று நாம்தான் ஒரு விதி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதியை எழுதுவது ரோஸிலியின் வேலை. அந்த மேகத்துக்குக் கீழே, சூடான தரையிலிருந்து காற்று எப்படிப் புரண்டு கொந்தளித்து ஈரத்தை மேலே தூக்கிப் போகிறது என்பதற்கு விதி எழுதுவது என் வேலை. அவளுக்கு மேகம், எனக்கு மேகத்துக்குக் கீழே இருக்கும் கொதிப்பு. வேலையைப் பிரித்த பேராசிரியருக்கு என் குணம் அப்போதே தெரிந்திருக்குமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

கணினி வேறொரு நகரத்தில் இருந்தது. எங்கள் விதிகளையும் எண்களையும் கெட்டி அட்டைகளில் துளைகளாகப் போட்டு, கட்டுக் கட்டாக அடுக்கி, ரயிலில் கொடுத்தனுப்புவோம். அங்கே ஒரு இயந்திரம் அட்டைகளைப் படபடவென்று விழுங்கும். பிறகு மடித்த காகிதத்தில் விடை அச்சாகி வரும். என் விஷயத்தில் விடை வராது, அட்டைகள்தான் திரும்பி வரும். ஈரத்தில் வீங்கிய அட்டைகள் இரண்டிரண்டாக இயந்திரத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கசங்கியதை எடுத்துவிட்டு மீண்டும் துளை போட்டு அனுப்புவேன். மீண்டும் வரும். அரிசிக் குதிருக்குள் வைத்துப் பார்த்தேன், அட்டையில் அந்துப்பூச்சி ஏறியது. குண்டு பல்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் வைத்தேன், கரண்டு போய்விட்டது. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நல்ல மனசுடன் தம் சட்டைகளோடு சேர்த்து என் அட்டைகளுக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அவை அப்பளமாக நெளிந்து, கணினி என் இளங்காற்றைப் புயல் என்று படித்துவிட்டு நின்றே போனது.

ரோஸிலியின் அட்டைகள் ஒரு நாளும் வீங்கியதில்லை. அவற்றில் புகை வாசனை அடிக்கும். அவள் மட்டாஞ்சேரிக்காரி, படகுத்துறையை ஒட்டிய சந்தில் அம்மாவோடு இருந்தாள். அவர்கள் வீட்டில் விறகடுப்புக்கு மேலே மூங்கிலால் ஒரு தட்டுக் கட்டியிருக்கும். குடம்புளி, உலர்ந்த தேங்காய், மாந்தோல் என்று ஈரம் படக்கூடாதது எல்லாம் அங்கேதான் போகும். அட்டைகளும் அங்கேதான் போயின. அம்மச்சி, அதாவது ரோஸிலியின் அம்மா, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரியாவிட்டாலும் அட்டைக் கட்டைப் புரட்டிப் போடுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. நாங்கள் இருவரும் காலையில் ஒரே படகில்தான் எறணாகுளம் போவோம். அவள் மடியில் மொறுமொறுவென்று ஒரு கட்டு, என் மடியில் ஊறிய ரஸ்க் மாதிரி ஒரு கட்டு.

“எந்தா சேச்சி, பின்னையும் திரும்பி வந்தோ?” என்று கேட்பாள். கடைவீதித் தமிழர்களிடம் பழகிய தமிழை மலையாளத்தில் தோய்த்துப் பேசுவாள். என்னைவிட இளையவள். “இங்கோட்டு தா. எங்க அடுப்புக்கு மேல ஸ்தலம் உண்டு. அம்மச்சி நோக்கிக்கும்.”

“வேண்டாம், நானே பாத்துக்கிறேன்” என்பேன். அவள் அடுப்பில் என் அட்டை காய்வதைவிட அது அழுகிப்போவது மேல் என்றிருந்தது எனக்கு.

சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, பொறாமைதான். ஆரோக்கியமான போட்டி என்று எங்கள் பேராசிரியர் எங்களைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆரோக்கியம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, சோறு இறங்கவில்லை என்பது மட்டும் தெரியும். அட்டைக்காக மட்டும் இருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. மேகத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் புத்தகத்தில். பிறந்து வளர்ந்த கரிசல்காட்டில் மார்கழி தாண்டினால் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல் சும்மா கிடக்கும். அவளோ படகில் உட்கார்ந்துகொண்டு கழுத்தைத் தூக்காமலே சொல்வாள், “உச்சைக்கு முன்ன அது பொங்கும் சேச்சி, கண்டோ” என்று. பொங்கும். கடலோரமாக வரிசை கட்டி நிற்கும் சின்ன மேகங்கள் அவள் பேச்சைக் கேட்டு வளர்வது போலவே இருக்கும். அந்த வானத்துக்கு நான் விருந்தாளி, அவள் வீட்டுப் பெண். மேகத்தைப் படித்தவள் மேகம் இருக்கும் ஊரில் இருக்க ஆசைப்படுவது தப்பா?

இந்த ஊர்க்காரர்களோடு வானத்தைப் பற்றிப் பேசவே எனக்கு வராது. எங்கள் குடித்தனத்துக்கு அடுத்தது ஒரு சுக்குக் கிடங்கு. அதன் முற்றம் முழுக்கப் பாய் விரித்து இஞ்சி காயும். பீவாத்து என்று ஒரு இத்தா, எல்லோருக்கும் அக்கா, வயசானவர், மரத்துடுப்பால் அதைக் கிண்டிவிட்டுக்கொண்டே இருப்பார். வந்த புதிதில் ஒரு நாள் மேற்கே கருக்கல் கட்டியது. ஊர் ஞாபகத்தில் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாசலுக்கு வந்து நின்று, “எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க” என்று வானத்தைக் காட்டினேன், சிரித்தபடி. பீவாத்து இத்தா துடுப்பைக் கீழே போட்டார். “மழைக்காறு கண்டிட்டு ஆராச்சும் சிரிக்குமோ பெண்ணே? ஞங்ஙளுடெ கஞ்சியில் அல்லே அது விழுந்நது”, தங்கள் கஞ்சியில்தான் அது விழுகிறது என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்ட ஓடினார். அதன் பிறகு ரொம்ப நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மேகம் வந்தால் சிரிக்கும் பாண்டிக்காரி என்று சந்தில் எனக்கு ஒரு பெயர் ஆனது. பாண்டிக்காரி என்றால் தமிழச்சி என்று அர்த்தம், கொஞ்சம் கீழே வைத்துச் சொல்வது.

போன ஆண்டு எங்கள் குழுவில் ஒரே ஒரு நிரந்தர வேலைக்கு அனுமதி வந்தது. ரோஸிலியும் நானும் மட்டும்தான் அதற்கு ஆள். என் தற்காலிக வேலையோ ஜூனோடு முடிகிறது. வீட்டுக்காரருக்குக் கொச்சி ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் கேட்டு வைத்திருந்தார். “ஒனக்கு வேலை நிரந்தரமாச்சுன்னா நான் இருமிக்கிட்டே இங்க கெடக்கேன். இல்லேன்னா ரெண்டு பேரும் கெளம்புவோம்” என்றார், அவரால் முடிந்தவரை நியாயமாக. ஊருக்குப் போனால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைக்கலாம். மேகம் கிடைக்காது.

மேயில் ரோஸிலியின் விடை வந்தது. காகிதத்தைப் பேராசிரியர் மேசை மேல் விரித்தார். மேகம் உள்ள கட்டங்களில் நட்சத்திரக் குறி அச்சாகியிருக்கும், இல்லாதவை வெற்று வெள்ளை. முந்தின ஆண்டு மே மாதத்தில் ஒரு பகல், மேற்கே கடலிலிருந்து மலையைத் தாண்டிக் கிழக்குச் சமவெளி வரைக்கும். கடலோரம் முழுக்க நட்சத்திரம், அது சரி. மலை மேல் நட்சத்திரம், அதுவும் சரி. மலை இறங்கிய பிறகும் நட்சத்திரம் நிற்கவில்லை. தென்காசி, சங்கரன்கோவில் என்று கிழக்கே நடந்து போய் கோவில்பட்டி மேலேயும் ஏறி உட்கார்ந்திருந்தது. மே மாத மதியத்தில் என் அம்மா வீட்டுக் கூரை மேல் மேகம்! பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பியூட்டிஃபுல்” என்றார். நான் அத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்தும் கிடைக்காத மேகத்தை இவள் போகிற போக்கில் என் ஊருக்குப் போட்டுவிட்டாள், அதுவும் பொய் மேகத்தை.

எப்படி வந்தது என்று அன்றே கண்டுபிடித்தேன். தரையில் எங்கே தண்ணீர், எங்கே மண் என்று கட்டத்துக்குக் கட்டம் கணினிக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் என்றால் ஆவி கிளம்பும், காற்றில் ஈரம் ஏறும், மேகம் தாழ்வாகவே பிடித்துவிடும். காய்ந்த மண் என்றால் அனல்தான் கிளம்பும், காற்று உயர உயரப் புரண்டு போகுமே தவிர மேகம் பிடிக்காது. ரோஸிலி அரசாங்க வரைபடத்தை வைத்து, நீலமாக இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் என்று துளை போட்டிருந்தாள். எங்கள் சீமை வரைபடத்தில் நீலம் தெளித்த மாதிரி கிடக்கும், அத்தனை கண்மாய். வேம்பநாட்டுக் காயலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு நீலத்துக்குள் தண்ணீர் இருக்காது என்று எப்படித் தோன்றும்?

“ரோஸிலி, அது கண்மாய். மே மாசத்துல அதுல தண்ணி இருக்காது” என்றேன்.

“வெள்ளம் இல்லாத காயலோ?” என்று சிரித்தாள், தண்ணீருக்கு அவர்கள் வெள்ளம் என்பார்கள். “சேச்சி தமாஷு பறையல்லே.”

“காயல் இல்ல. மழை பெஞ்சா நிறையும், அப்புறம் வத்திரும். வெறும் தரை.”

“அப்ப எந்தினா நீலம் போட்டு வச்சிருக்கு?”

எப்போதாவது வரும் தண்ணீருக்கு எப்போதும் இடம் விட்டு வைத்திருப்பவர்கள் நாங்கள் என்பதை மட்டாஞ்சேரிப் படகில் உட்கார்ந்து ஒருத்திக்கு விளங்கவைக்க முடியவில்லை. பேராசிரியரிடம் போனேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சர்வே மேப் அல்லே? நீலம் என்றால் நீலம்” என்றார். என் அட்டைகள் மறுபடி திரும்பி வந்திருந்த வாரம் அது. எனக்கு வயிற்றெரிச்சல் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. வயிற்றெரிச்சல் இருந்தது உண்மை. கண்மாய் காய்ந்து கிடந்ததும் உண்மைதானே.

“சரி, என்னோட வா. ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். உன் காயலுக்குள்ள உன்னை நடக்க விடுறேன்” என்றேன் ரோஸிலியிடம். அவள் உடனே சம்மதித்தாள். வெடித்த கரிசல் தரையில், வெடிப்புக்குள் அவள் செருப்பு மாட்டிக்கொள்ள, அந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்வதை நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காக நான் எவ்வளவு தூரமும் ரயில் ஏறுவேன்.

கொல்லத்தில் இறங்கி மீட்டர்கேஜ் வண்டி பிடித்தோம். செங்கோட்டைப் பக்கம் மலையைக் குடைந்து போகும் பாதை. மலைக்கு மேற்கே இருட்டிக்கொண்டு மேகம், கிழக்கே வந்ததும் கத்தியால் நறுக்கிய மாதிரி நீல வானம், இதுதான் ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தது. அந்தக் கோடு வந்ததும் காட்டுகிறேன் என்று ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக் கொடுத்திருந்தேன். குகை தாண்டியது, கோடு வரவில்லை. மேகம் எங்களோடு கூடவே வந்தது. தென்காசியிலும் இருந்தது. பஸ் ஏறிச் சங்கரன்கோவில் தாண்டும்போது சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் பளபளத்தது. “இவிடெயும் நல்லோணம் மழை உண்டல்லோ” என்றாள் ரோஸிலி.

ஊரில் இறங்கினால் கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்து கிடக்கிறது. கோடை மழை முந்தின நாளே இடியும் மின்னலுமாக வந்து, மேலக் கண்மாய் உடைப்பெடுத்து, எல்லாம் எங்கள் கண்மாய்க்கு வந்துவிட்டதாம். கொக்கு நிற்கிறது. தவளை கத்துகிறது. வரைபடத்தில் இருந்ததைவிட நீலமாக இருந்தது சனியன் பிடித்த கண்மாய். நான் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க மே மாதத்தில் ஒரு சொட்டுக் காட்டாதது, அவள் வருகிறாள் என்று தெரிந்து ரொப்பிக்கொண்டு நின்றது.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளை விட்டுவிட்டு ரோஸிலி கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ அங்கன ரயில் ஏறுன நேரத்துக்கு இங்கன இடி இடிச்சிருக்கு தாயி! என்ன ராசியான கையி!” தெருப்பெண்கள் எல்லாம் கொச்சிப் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். அவளுக்கு மஞ்சள் பூசி வாசலில் நிற்க வைக்காத குறை. என் பக்கம் திரும்பி அம்மா சொன்னாள், “நீயும்தான் வருசாவருசம் வாற. வரும்போதெல்லாம் வெயில்ல கூட்டிட்டு வாற.” விளையாட்டுக்குச் சொன்னதுதான். அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். என் மேகத்தை எடுத்தாள், என் வேலையை எடுக்கப் போகிறாள், இப்போது என் அம்மாவின் மழையும் அவள் கணக்கில் போய்விட்டது. ரோஸிலிக்கோ இவர்கள் ஏன் மழைக்கு இப்படி ஆடுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அவள் ஊரில் மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியைத்தான் எடுக்க ஓடுவார்கள்.

மறுநாள் காலை கரைக்குப் போனோம். அம்மாவும் குடத்தோடு வந்தாள். ரோஸிலி கரையில் நின்று என்னைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நல்ல பெண். எனக்கு அதுவும் எரிந்தது. பிறகு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள்.

“சேச்சி, ஈ வழி எந்தினா வெள்ளத்துக்குள்ள போகுது?”

கரையிலிருந்து இறங்கிய வண்டித்தடம் ஒன்று, இரண்டு பக்கமும் சக்கரம் அரைத்த பள்ளத்தோடு நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. அக்கரையில் அதே தடம் தண்ணீரை விட்டு ஏறி, மெயின் ரோட்டைப் பார்த்துப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

“அது பஸ்ஸுக்குப் போற தடம் தாயி. கண்மாயில தண்ணி என்னைக்கு நின்னுருக்கு? வண்டி மாடு, ஆள் அம்பு எல்லாம் இதுக்குள்ள விழுந்துதான் போவோம். இப்ப சுத்திப் போகணும். சுத்தட்டும், அதுக்கென்ன!”

ரோஸிலி குனிந்து அந்தச் சக்கரப் பள்ளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். எத்தனை வருஷம் வண்டி ஓடினால் தரை அவ்வளவு ஆழமாக அரைபடும் என்று நினைத்தாளோ என்னவோ. பாதை போட்டுப் பழகும் அளவுக்கு ஒரு நீர்நிலை காய்ந்து கிடக்கும் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. “சேச்சி பறஞ்சது சரியாணு” என்றாள். “எல்லா நீலமும் தெற்று. ஞான் மாற்றி போடும்.” அவ்வளவுதான். சண்டையில்லை, சாக்கில்லை. நான் அத்தனை தூரம் ரயில் ஏறி வந்தது இந்த வார்த்தையைக் கேட்கத்தான். கேட்டேன். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

திரும்பி வந்ததும் அவள் கிழக்குக் கட்டங்களுக்கெல்லாம் புதிதாகத் துளை போட்டாள். அனுப்பும் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து, என் அட்டைக் கட்டைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். “சேச்சியுடெ அம்மா எனக்குச் சோறு தந்து. எங்க அம்மச்சி சேச்சிக்கு அடுப்பு தரண்டே?” என்றாள். இந்தத் தடவை என்னால் மறுக்க முடியவில்லை. என் அட்டைகள் குடம்புளியோடு கிடந்து காய்ந்து, ரயில் ஏறி, முதல் தடவையாக ஒன்றுகூட மாட்டாமல் இயந்திரத்துக்குள் போயின. என் விடையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலூர்த் தொழிற்சாலைகள் பக்கம் பஸ்ஸில் போய் ஆற்றங்கரையில் நின்று நான் பார்த்திருந்த புகைபோக்கிப் புகை, காலையில் தட்டையாகப் படுத்திருந்து வெயில் ஏற ஏறப் புரண்டு வளைந்து கலைகிற கணக்கு, என் விதியிலும் அப்படியே இருந்தது. பேராசிரியர் எனக்கும் ஒரு “வெரி குட்” சொன்னார். ரோஸிலியின் காகிதத்தில் நட்சத்திரங்கள் மலையோடு நின்றுவிட்டன. அதற்குக் கிழக்கே சுத்த வெள்ளை. என் ஊர் மேல் இருந்த மேகத்தை நானே பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேர்முகத் தேர்வில் அவள் எதையும் மறைக்கவில்லை. நீலத்தைத் தண்ணீர் என்று நம்பியது, நான் திருத்தியது, நேரில் போய்ப் பார்த்தது, வண்டித்தடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என் பெயரையும் சொல்லியிருக்கிறாள். தேர்வுக்குழுவில் இருந்தவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டதாம். சந்தேகம் வந்ததும் மலை தாண்டிப் போய்க் களத்தில் நின்று சரிபார்த்த ஆய்வாளர் என்று வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நானும்தான் அதே ரயிலில் போனேன். பிறந்த வீட்டுக்குப் போவதைக் களப்பயணம் என்று யார் எழுதுவார்கள்? எனக்குத் தெரிந்தது எனக்குச் சும்மா தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது ஆராய்ச்சி. அவள் பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டினார். கிளம்புகிற வாரத்தில் பேராசிரியர் கூப்பிட்டு, என் தற்காலிக வேலையை இன்னும் ஒரு வருஷம் இழுக்க வழி செய்திருப்பதாகச் சொன்னார். கிழக்குக் கட்டங்களை ரோஸிலி தொடர்ந்து பார்க்கப் போகிறாள், கூடமாட ஒரு ஆள் வேண்டுமாம். ரோஷமுள்ளவள் என்றால் வேண்டாம் என்றிருப்பாள். நான் வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் தூத்துக்குடிக்குப் போனார், நான் மட்டாஞ்சேரியில் நின்றேன். தனியாக ஒரு பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்று அலைந்தபோது அம்மச்சிதான் தன் வீட்டு மாடியறையைக் காட்டினாள். இதை எழுதுவது அந்த அறையில் உட்கார்ந்துதான். கீழேயிருந்து புகை ஏறி வருகிறது. என் அட்டைகள் கீழே அடுப்புக்கு மேலே கிடக்கின்றன, அம்மச்சி அவற்றை நேரத்துக்குப் புரட்டிப் போடுகிறாள். “மோளே, ஊணு கழிச்சோ?” என்று சாப்பாட்டை விசாரிப்பதும் என்னைத்தான். ஏனென்றால் மகள் ஊரில் இல்லை.

மகள் என் ஊரில் இருக்கிறாள். இந்த வருஷம் மே பிறந்ததும் அம்மாவிடமிருந்து ஆள் மேல் ஆளாகச் சேதி வந்தது. கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, கிணறு வற்றிவிட்டது, அந்தக் கொச்சிப் பிள்ளையை அனுப்பி வை. நான் வருகிறேன் என்று சொன்னதற்கு, நீ அப்புறம் வா என்றாளாம். ரோஸிலிக்கும் கரிசல் மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் அளக்க வேண்டியிருந்தது. நிரந்தர வேலைக்காரி, பயணப்படியோடு போனாள். நான் படகுத்துறை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

நேற்று மதியம், பழைய வீட்டுக்கு அடுத்த சுக்குக் கிடங்கின் போனுக்கு, ஊர்த் தபாலாபீஸிலிருந்து எனக்கு டிரங்கால் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஓடும்போதே மேற்கே கருத்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டேன். முற்றம் முழுக்க இஞ்சி. பீவாத்து இத்தா ஒற்றை ஆளாகப் பாயை இழுத்துக்கொண்டிருந்தார். நான் போனை மறந்து முந்தானையை விரித்து, குனிந்து இரண்டு கையாலும் அள்ளினேன். தூறல் முதுகில் விழுந்தது. கிடங்குக்காரர் உள்ளேயிருந்து கத்தவும் அள்ளிய இஞ்சியோடு அப்படியே போய்ப் போனை எடுத்தேன்.

“என்னட்டி, இப்படி மூச்சு வாங்குது?” என்றாள் அம்மா.

“இங்க மழைம்மா. பாழாப்போன மழை, இப்பத்தான் வரணுமா இது!”

அம்மா மெதுவாகக் கேட்டாள், “மழையவா அப்படிச் சொல்லுத?”

அம்மா போனை யாரிடமோ கொடுப்பது கேட்டது. பின்னால் தகரத்தின் மேல் படபடவென்று ஏதோ கொட்டுகிற ஓசை, பெண்கள் கூவுகிற ஓசை. அதற்கு மேலே ரோஸிலியின் குரல், சிரிப்பும் மூச்சுமாக.

“சேச்சி, மழை! இங்கயும் மழை! எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமோ!”

அது என் வாக்கியம். இந்த முற்றத்து ஓரத்தில் நின்று நான் சொல்லி, பாண்டிக்காரி என்று பேர் வாங்கிய வாக்கியம். அவள் அதை என் ஊர்த் தபாலாபீஸ் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, என் அம்மாவின் பக்கத்தில், நனைந்துகொண்டே சொல்கிறாள். “நனையாதே, உள்ளே போ” என்று சொல்ல வந்தேன். “நல்லா நனை” என்று சொல்லவும் வந்தேன். வெளியே பீவாத்து இத்தா “மோளே, ஓடி வா” என்று என்னைக் கூப்பிட்டார். போன் ஒரு கையில் இருந்தது, முந்தானை நிறைய இஞ்சி மறு கையில் இருந்தது. எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.